ஆமென் வராத ஜெபம்

ஓசூரில் கார்த்திகை மாதத்துக் குளிர் முதலில் சிமெண்டுத் தரையில்தான் இறங்கும். அங்கிருந்து முழங்கால் வழியாக மேலே ஏறும். வியாழக்கிழமை மாலைகளில் அந்தத் தரையில் மண்டியிட்டுக் கண்ணை மூடியிருக்கும்போது மற்றதெல்லாம் காதுக்குத்தான் வரும்: சமையல் மூலையில் பம்பு ஸ்டவ்வின் சீறல், பெங்களூர் ரோட்டில் ஏற்றத்துக்குக் கியர் மாற்றும் லாரி, பக்கத்து வீட்டு மெஹருன் அக்காவின் ரேடியோவில் கன்னடப் பாட்டு, இவற்றுக்கு நடுவில் யாரோ ஒருவர் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போகும் குரல். நன்றி, நன்றி, மேலும் நன்றி. இவ்வளவு நன்றி சொல்லும்படி எங்கள் லைன் வீடுகளில் அப்படி என்ன நடந்துவிட்டது என்று எனக்கு அந்த வயதிலேயே எரிச்சலாக இருக்கும்.

நான் சொல்லப்போவது எண்பத்தைந்தாம் ஆண்டு, அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய வியாழக்கிழமை நடந்தது. அம்மா அதை மார்கழி என்பாள். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நவம்பரின் கடைசி ஞாயிறு, ஆகவே கார்த்திகைதான். நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். அப்பா மாணிக்கம் ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டை விட்டுவிட்டு வந்து, தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில் தகட்டை அமுக்கி வடிவம் கொடுக்கும் 'பிரஸ்' மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா சாந்தம்மா கர்நாடக எல்லையோரத்துத் தளி ஊர்க்காரி. பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசி வளர்ந்தவள், கல்யாணத்தின்போதுதான் ஞானஸ்நானம் பெற்றாள். அதற்கு முன் அவளுக்குத் தெரிந்த வழிபாடு, மழை வராத வருஷங்களில் ஊர்ப் பெண்களோடு போய் மாரம்மன் முன்னால் நின்று, கண் இருக்கிறதா உனக்கு என்று கேட்டுவிட்டு வருவது.

அப்படிப்பட்டவளுக்கு எங்கள் சபை ஜெபம் செய்யக் கற்றுக்கொடுத்தது. முதலில் துதிக்க வேண்டும். பிறகு நான் தூசி, நான் சாம்பல், நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு நன்றி. கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் கடைசியில், உமக்குச் சித்தமானால் என்ற வாலோடு சேர்த்து, சுருக்கமாக. குறை சொல்லக் கூடாது. குறை சொல்வது முறுமுறுப்பு, முறுமுறுப்பு பாவம். நான் வளர்ந்து பல விஷயங்களைத் தேடிப் படித்த பிறகுதான் இது எதைப் போல இருந்தது என்று எனக்குப் பிடிபட்டது. கம்பெனி ஆபீசில் லீவு கேட்டுப் போய் நிற்கும் தொழிலாளி இப்படித்தான் பேசுவான். கடவுளைப் பரமபிதா என்று வாயால் கூப்பிட்டுக்கொண்டு, மனசில் அவரை லீவு கொடுக்கும் ஒரு பர்சனல் ஆபீசராக உட்கார வைத்திருந்தார்கள். அந்த வருஷத்து வசனக் காலண்டர் எங்கள் வீட்டிலும் தொங்கியது. கடவுளின் கிருபாசனத்தின் அருகே தைரியமாகப் போகச் சொல்லும் வசனம் அதில் பூப்போட்ட பார்டருக்குள் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே மண்டியிட்டுத்தான் எல்லோரும் அவ்வளவு பயந்து பேசினார்கள்.

சபைச் செக்ரட்டரி தனராஜ், அப்பா வேலை பார்த்த அதே கம்பெனியில் பர்சனல் ஆபீசராகவும் இருந்தார் என்பது இங்கே சொல்ல வேண்டிய விஷயம். திருநெல்வேலிக்காரர். கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டை, இரண்டு இடத்துக்கும் ஒரே உடை. யார் வேலைக்குத் தாமதமாக வந்தார்கள் என்பதும் யார் ஆராதனைக்குத் தாமதமாக வந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அக்டோபர் மாதம் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. பிரஸ் இறங்குவதற்கு இரண்டு பொத்தான்களை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும்; இரண்டு கைகளும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது என்பதுதான் அந்த ஏற்பாடு. அதில் வேலை மெதுவாகப் போகிறது என்று, ஒரு பொத்தானில் மரக்குச்சியைச் செருகி அழுந்தியபடியே வைத்துவிடச் சொன்னார்கள். அப்புறம் ஒரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே மற்றக் கையால் தகட்டை எடுக்கலாம், வைக்கலாம். குச்சி செருகாதவனைச் சோம்பேறி என்று ஷிப்ட்டில் எல்லோர் முன்னாலும் கேலி செய்வார்கள். இது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும், தனராஜுக்கும் தெரியும். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போக வேன் வருவதற்குள் அந்தக் குச்சியை யாரோ உருவி எடுத்துவிட்டார்கள்.

அப்பா கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனராஜ் ஆர்லிக்ஸ் பாட்டிலும் திராட்சையும் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஜெபக்கூட்டம் வைக்க வேண்டும் என்றார். விபத்திலிருந்து தப்பியவர்கள் வீட்டில் அப்படி வைப்பது சபை வழக்கம்; வீட்டுத் தலைவர் சாட்சி சொல்வார், வீட்டு அம்மாள் முடிவு ஜெபம் செய்வாள், பிறகு டீயும் மிக்சரும். சாட்சியில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"கையவே எடுத்திருக்க வேண்டியது, கர்த்தர் வெரலோட விட்டாருன்னு ஒரு வார்த்தை. நம்ம அஜாக்கிரதைதான்னு ஒரு வார்த்தை. போதும்லா? கேக்கிய சனங்களுக்கு ஆசீர்வாதமா இருக்கும்."

கேட்கிற சனங்களில் பாதிப் பேர் அதே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். விபத்தை விசாரிக்க அரசாங்க இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று பேச்சு இருந்தது. மாணிக்கமே தன் வாயால், அதுவும் கடவுள் முன்னிலையில், என் தப்புதான் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எந்த விசுவாசி போய் இன்ஸ்பெக்டரிடம் குச்சியைப் பற்றிப் பேசுவான்? அப்பா தலையாட்டினார். ஒற்றைக் கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர் வேறு என்ன செய்வார். அம்மா அடுப்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டாள். அவர் போன பிறகு திராட்சையை அப்படியே மெஹருன் அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வீடு நிறைந்துவிட்டது. கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டுப் பாய் விரித்திருந்தோம். பாட்டு முடிந்து அப்பா எழுந்து நின்றார். கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடியிருந்தார். சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார். என் அஜாக்கிரதை என்று சொல்லும்போது மட்டும் குரல் மிகவும் தாழ்ந்தது. பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ, தனராஜ் அதைத் திருப்பிச் சொன்னார்: "நம்ம பிரதர் தன் அஜாக்கிரதையத் தாழ்மையோட ஒத்துக்கிடுதாரு, அல்லேலூயா." எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். அப்பா உட்கார்ந்தார். நான் இன்றைக்கு வரை எவ்வளவோ பொய்களைப் படித்திருக்கிறேன், கேட்டிருக்கிறேன்; ஒரு மனிதனை நசுக்கிய பிறகு அந்த நசுக்கலுக்கு அவனையே நன்றி சொல்ல வைப்பதைவிடக் கேவலமான ஒன்றை இதுவரை பார்க்கவில்லை.

பிறகு முடிவு ஜெபம். எல்லோரும் கண்களை மூடினார்கள். இங்கே வெளியார் அறியாத ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவர் ஜெபிக்கத் தொடங்கிவிட்டால் ஆமென் வரும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. போதகரே ஆனாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அம்மா சபையில் கற்றுக்கொண்டபடியே ஆரம்பித்தாள். அன்பும் கிருபையும் நிறைந்த பிதாவே, இந்த மாலை வேளைக்காக ஸ்தோத்திரம், வந்திருக்கிற அண்ணன்மார்களுக்காக ஸ்தோத்திரம், அக்காமார்களுக்காக ஸ்தோத்திரம். அதற்கு அப்புறம் நின்றுவிட்டாள். ஸ்டவ் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"வெரலு போனதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லணுமாம் ஆண்டவரே," என்றாள். "எனக்கு வாய் வரல."

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள்.

"நீர் அங்க இருந்தீரா, இல்லியா? எங்கயும் இருக்கறேன்னு சொல்றீரே. இருந்திருந்தா அந்தக் குச்சியப் பாத்திருப்பீர். பாத்துக்கினு சும்மா நின்னீரா? அவரு அஜாக்கிரதையா இருந்தாருன்னே வெச்சிக்குவோம். நீர் ஜாக்கிரதையா இருந்திருக்கக் கூடாதா? அது உம்ம வேலதான?"

தனராஜ் சத்தமாக "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஆமென்" என்றார். முடித்துவிடச் சொல்லும் குறிப்பு அது. இரண்டு மூன்று பேர் அவரோடு சேர்ந்து ஆமென் என்றார்கள். அம்மா அவர்கள் ஓயும்வரை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"எனக்குக் கோவமா இருக்குது. உம்ம மேலதான் கோவம். ஆபீஸ்ல போய்ச் சொல்ல முடியாது, கோயில்ல சொல்ல முடியாது, இந்த மனுசன் கிட்டயும் சொல்ல முடியாது, அவரே நொந்து கெடக்கறாரு. உம்மகிட்டயும் சொல்லக் கூடாதுன்னா நான் எங்க போவேன்? நான் ஒண்ணும் தூசி இல்ல. தூசிக்கு இப்பிடி வலிக்காது."

அந்த நேரத்தில் ஸ்டவ்வின் மேல் பால் பொங்கத் தொடங்கியது. பொங்கிய பால் நெருப்பில் விழுகிற சத்தமும் தீய்ந்த வாடையும் ஒன்றாக வந்தன. அம்மா அதே குரலில், "பால் பொங்குது ஆண்டவரே, இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆமென் வரவில்லை. ஆகவே யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் மண்டியிட்டபடி, கண்களை இறுக மூடிக்கொண்டு, அடுப்படியில் அம்மா டீத்தூள் போட்டு, சர்க்கரை கலந்து, டம்ளர்களில் ஊற்றும் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். தனராஜின் இமைகள் துடித்துக்கொண்டிருந்தன, திறக்கவில்லை. அப்பாவும் மூடித்தான் இருந்தார். அவர் கன்னம் மட்டும் ஈரமாக இருந்தது. கடைசியில் அம்மா தட்டோடு வந்து நின்று, "டீ ஆறுதுங்க" என்று சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மிக்சரை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் மெஹருன் அக்கா அம்மாவின் குடத்தை முதலில் வைத்துத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். "ரேடியோவ நிறுத்திட்டு நானும் கேட்டேன் சாந்தம்மா. கேக்க வேண்டியதத்தான கேட்டே. உங்காளுங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கினு போனாங்க?" என்றார். அம்மா குனிந்து முகம் கழுவினாள். அழுதாள் என்று நினைக்கிறேன். குழாயடியில் முகம் கழுவுவதையும் அழுவதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

தனராஜ் சபைக் கமிட்டியைக் கூட்டினார். ஜெபத்தை மறைவாக வைத்துக்கொண்டு தன்மேல் குற்றம் சாட்டிவிட்டாள் என்பது அவருடைய புகார். அம்மா அந்த ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லவில்லை, அவர் பதவியைச் சொல்லவில்லை, கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவள் கேள்வி கேட்டது ஒருவரிடம்தான். அந்த ஒருவருக்கு வந்த கேள்வியை எடுத்துத் தனக்கென்று வைத்துக்கொண்ட தனராஜின் மனசாட்சியைப் பற்றிக் கமிட்டியில் யாரும் பேசவில்லை. சாந்தம்மாவுக்கு மாரம்மனைத் திட்டிய பழைய புத்தி இன்னும் போகவில்லை என்று பேசினார்கள். கடவுளிடம் தைரியமாகப் பேசுவது பழைய புத்தி, பயந்து பேசுவது புதிய விசுவாசம்! 

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. தர்மபுரியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் போதகர்தான் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் நல்ல மனிதர்கள்தான் இந்த மாதிரி வேலைகளுக்குப் பயன்படுகிறார்கள். அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த ஞாயிறே அந்த முதல் ஞாயிறு. ஆராதனையின் நடுவில் அவர் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். ஜெபக்கூட்டத்தில் தேவனுக்கும் சபைக்கும் விரோதமாகப் பேசியதற்கு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும், கர்த்தருடைய பந்திக்கு வரலாம் என்று மென்மையாகவே சொன்னார். பெண்கள் பகுதியில் அம்மா எழுந்து நின்றாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு அவள் மன்னிப்புக் கேட்டுவிடுவாள் என்றுதான் தோன்றியது. கேட்டுவிட வேண்டும் என்றுகூட இருந்தது, எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததால்.

"நான் இன்னும் பேசி முடிக்கலீங்கய்யா," என்றாள். "அவருகிட்டதான் கேட்டேன். அவரு கோவிச்சிக்கினாருன்னா அவரே சொல்லட்டும்."

உட்கார்ந்துவிட்டாள்.

திருவிருந்துக்கு அழைத்தபோது ஆண்கள் பகுதியில் எழுந்த அப்பா உடனே போகாமல் நின்றார். அம்மா எழுந்து வரும்வரை நின்று, அவளோடு சேர்ந்து நடந்து போய், பீடத்துக்கு முன்னால் இருந்த மரக் கிராதியருகே அவள் பக்கத்தில் மண்டியிட்டார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றிருந்த கோயிலில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. அப்பம் வாங்க வலது உள்ளங்கையை இடது கைமேல் வைத்து நீட்ட வேண்டும். விபத்துக்குப் பிறகு அப்பா அந்தக் கையைத் துண்டில்லாமல் வெளியில் காட்டியதே இல்லை. அன்று நீட்டினார். கட்டு அவிழ்த்த புதுசு, தையல் சிவப்பாக இருந்தது. போதகர் ஒரு கணம் தயங்கி, அந்தக் கையில் அப்பத்தை வைத்தார். அடுத்து இருந்த அம்மாவைத் தாண்டி அதற்கடுத்தவரிடம் போனார்.

அம்மா கையை நீட்டியபடியே இருந்தாள். மடக்கிக்கொள்ளத் தெரியவில்லை அவளுக்கு.

அப்பா அப்பத்தை வாயில் போடவில்லை. அந்தக் கையை அப்படியே அவள் பக்கம் நகர்த்தி, "இந்தா, பிச்சுக்க" என்றார். அவர் விரல்களால் பிய்க்க முடியாது. அம்மாதான் அந்தச் சின்னத் துண்டைப் பிய்த்து, பாதியை அவர் வாயில் வைத்துவிட்டு மீதியைத் தான் தின்றாள். ஊத்தங்கரைக் காட்டு வரப்பில் உட்கார்ந்து ஒரே களியுருண்டையைப் பகிர்ந்து தின்பவர்களைப் போல, அவசரமில்லாமல். போதகர் கிராதியின் கோடியில் நின்று இதைப் பார்த்தார். ரசத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர்கள் இருவரையும் தாண்டிப் போனார். தனராஜ் தலையைக் குனிந்தவர் ஆராதனை முடியும்வரை நிமிரவில்லை.

சில வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். குச்சியைப் பற்றி இரண்டு தொழிலாளிகள் சொன்னார்கள் என்று அப்பா கேள்விப்பட்டார். யார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அதனால் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. அப்பாவை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள், குச்சிகள் கொஞ்ச நாள் காணாமல் போய்த் திரும்பி வந்தன. அம்மாவைச் சபையில் அதற்குப் பிறகு யாரும் ஜெபிக்கக் கூப்பிடவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் போனாள். ஏன் போகிறாய் என்று நான் பின்னாளில் சண்டை போட்டிருக்கிறேன். அது அவங்க வீடா, நான் ஏன் போகாம இருக்கணும் என்று கேட்பாள்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை. லைன் வீடுகள் இருந்த இடத்தில் கர்நாடகா வண்டிகள் நிற்கும் லாரி ஷெட் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார், தனராஜும் இறந்துவிட்டார். கோயிலின் புதுக் கட்டடத்தில் தனராஜின் பெயர் கல்லில் இருக்கிறது. மரக் கிராதியை எடுத்துவிட்டு மேடை போட்டிருக்கிறார்கள், வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஜெபிக்கலாம் என்று ஆராதனையில் முன்பு விட்டிருந்த சில நிமிஷங்களையும் எடுத்துவிட்டார்கள். விண்ணப்பங்களைச் சனிக்கிழமைக்குள் போனில் அனுப்ப வேண்டும். போன வருஷம் பேரிகை ஊர்ப் பையன் ஒருவனுக்கு, காண்டிராக்ட் வேலையில் இருந்தவனுக்கு, மிஷினில் கை போனது. அந்த மிஷினுக்குத் தடுப்புக் கதவு ஏன் இல்லை என்று கடவுளிடம் கேட்கச் சொல்லி நான் அனுப்பினேன். ஒரு சகோதரனின் மன ஆறுதலுக்காக என்று வாசித்தார்கள். சபையின் விழா மலருக்கு வருஷங்களைச் சரிபார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தபோது, எண்பத்தைந்தாம் ஆண்டுக்கு நேரே இந்தச் சம்பவத்தை எழுதிக் கொடுத்தேன். பக்திவிருத்திக்கு ஏதுவாக இல்லை என்று நீக்கிவிட்டு, அந்த ஆண்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டியதைப் போட்டார்கள்.

மலரைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டிக் கத்தினேன். அவளுக்கு இப்போது மண்டியிட முடிவதில்லை, ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். "நீ எதுக்குடி கோவப்படறே? அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு" என்றாள். அந்தப் பேச்சு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்டேன். மலரை மூடி என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேட்க எனக்கும் நிறைய இருக்கிறது. ஆனால் ஞாயிறு பள்ளியில் முதல் பரிசு வாங்கியவள் நான். கண்ணை மூடினால் துதியும் தாழ்மையுமாக நல்ல தமிழ் வருகிறது, கோபம் வருவதில்லை. அம்மாவின் வாய் எனக்கு வாய்க்கவில்லை, என் பிள்ளைகளுக்கும் இல்லை. இந்தக் கோபத்தை நேராகக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்கத் தெரியாததால்தான் இதை உங்களிடம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.